உன் பாட்டன் எங்கே பிறந்தான்?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் செயலாளர் அண்ணை எனக்கு ரெலிபோன் எடுத்தார். "தம்பி, நீர் ஒன்பது வருசம் அரபு நாட்டில இருந்தனீர். அதைப் பற்றிப் புத்தாண்டு விழாவில ஒரு இருபது நிமிசம் கதையும்" எண்டு கேட்டார். நான் மேடை ஏறிப் பழகாதவன். 2009இல் ஏ.எல். எடுத்தேன், கலைப்பிரிவு. கம்பஸுக்குப் புள்ளி காணாது. அதோடு படிப்பு முடிந்தது. அங்கேயும் பக்டரி, இங்கேயும் பக்டரி. ஆகவே பேச்சில் பிழை இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளை எண்டு நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அரபு நாடு எண்டால் வெயில், தங்கம், கட்டடம், சம்பளம் எண்டு எவ்வளவோ சொல்லலாம். அதையெல்லாம் போய் வந்த ஆக்கள் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் அங்கே படித்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். "உன் பாட்டன் எங்கே பிறந்தான்?" என்பதுதான் அந்தக் கேள்வி. ஒரு அரசாங்கம் தன்னுடைய சனத்தைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், அந்த நாட்டில் சனநாயகத்துக்குச் செல்லரிக்கத் தொடங்கிவிட்டது என்பது என்னுடைய முடிவு. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் எண்டு சொல்லுகிறேன்.

2011இல் நான் சார்ஜாவுக்குப் போனேன். அலுமினியம் உருக்கி ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம் இழுக்கிற பக்டரி. அறைக்கு எட்டுப் பேர், இரண்டு தட்டுக் கட்டில். ஊரில் நாங்கள் அனுபவித்தது என்னவாக இருந்தாலும் அங்கே ஒருவரும் அகதி இல்லை. வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்து வைக்கவில்லை. கடதாசியில் நாங்கள் தொழிலாளர் மட்டும்தான். விசா உள்ளவரைக்கும் வேலை, வேலை உள்ளவரைக்கும் விசா.

2014 எண்டு நினைக்கிறேன், எங்களில் கொஞ்சப் பேருக்கு விசா புதுப்பிக்க வேண்டி வந்தது. இரத்தம் எடுக்க, எக்ஸ்ரே எடுக்க ஒரு பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். வரிசையில் நிற்கிறபோது பொழுதுபோகாமல் ஆளுக்காள் கடதாசியைக் காட்டிக் கதைத்தோம். பஸ் ஓட்டி வந்தவர் அந்த நாட்டிலேயே பிறந்தவர். அரபு தவிர வேறு பாஷை தெரியாது. அவர் தன்னுடைய பாஸ்போட்டை எடுத்துக் காட்டினார். அது கொமோரோஸ் தீவுகளின் பாஸ்போட். ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் இந்து சமுத்திரத்தில் இருக்கிற ஒரு சின்ன நாடு. "நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களோ?" எண்டு கேட்டேன். சிரித்தார். "வரைபடத்தில்கூட எனக்குக் காட்டத் தெரியாது" எண்டார்.

அவரைப் போன்றவர்களைப் 'பிதூன்' எண்டு சொல்லுவார்கள். 'இல்லாதவர்' என்பது பொருள், அதாவது குடியுரிமை இல்லாதவர். நாடுகள் உருவாகி, பதிவேடு எழுதின காலத்தில் பாட்டன்மார் பெயர் பதியவில்லை. பாலைவனத்தில் ஆடு ஒட்டகம் மேய்த்துத் திரிந்தவனுக்குப் பதிவேடு எண்டால் என்ன தெரியும்? அந்த ஒரு பிழைக்காக இண்டைக்கும் பேரப்பிள்ளைக்கு நாடு இல்லை. 2008க்குப் பிறகு எமிரேட்ஸில் இருந்த இப்படியானவர்களுக்கு கொமோரோஸ் பாஸ்போட் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எமிரேட்ஸில் சனநாயகம் விழுந்து போயிற்று எண்டு சொல்ல நான் வரவில்லை. அங்கே விழுவதற்கு அது இருக்கவில்லை. அது மன்னர்களின் ஆட்சி. நாங்கள் சம்பளத்துக்குப் போனோம், சம்பளம் தந்தார்கள், அந்தக் காசில்தான் என் தங்கச்சி படித்தாள். ஆனால் அதே கடற்கரையில், பாராளுமன்றம் வைத்துப் பார்த்த நாடுகளும் இருக்கின்றன. அவற்றின் கதை எங்களுக்குப் பாடம்.

பஹ்ரெயினில் 1973 டிசெம்பரில் தேர்தல் நடந்தது. விசாரணை இல்லாமல் ஒருவரை மூன்று வருசம் வரைக்கும் அடைத்து வைக்கலாம் என்ற பாதுகாப்புச் சட்டத்தை ஏற்க அந்த மன்றம் மறுத்தது. 1975 ஓகஸ்டில் மன்றத்தையே கலைத்தார்கள். அதன்பிறகு ஒரு தேர்தலைக் காண அந்தச் சனம் 2002 வரை காத்திருந்தது.

குவைத்தில் 1962இல் அரசியல் யாப்பு, 1963இல் தேர்தல். அங்கே வேலை செய்த எங்கட ஆக்களுக்குத் தெரியும், மந்திரிமாரையே எழுப்பிக் கேள்வி கேட்கிற மன்றம் அது. அதை 1976இலும் 1986இலும் கலைத்து வருசக்கணக்காகப் பூட்டி வைத்தார்கள். 2024 மே 10ஆம் திகதி எமிர் திரும்பவும் கலைத்தார். யாப்பின் சில உறுப்புரைகளையும் நாலு வருசம் வரைக்கும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். அந்த வருசம் தொடங்கி, பல்லாயிரக்கணக்கான பேரின் குடியுரிமையை இரத்துச் செய்தார்கள். கள்ளப் பத்திரத்தில் எடுத்தவர்களையும் இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தவர்களையும் திருத்துகிறோம் எண்டு அரசாங்கம் சொல்லுகிறது. ஆனால் குவைத்காரரைக் கலியாணம் முடித்துப் பல வருசத்துக்கு முன்னம் முறைப்படி குடியுரிமை எடுத்த பெண்கள் அந்தப் பட்டியலில் ஏராளம். இது சரியோ பிழையோ எண்டு எழும்பிக் கேட்க அங்கே இப்போது மன்றம் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டம் 1959இல் வந்தது. 1920க்கு முன்பே குடியேறிய பரம்பரையோ என்பதுதான் அதில் முதல் கேள்வி. பாருங்கோ, பாட்டன் வந்துவிட்டார்.

எங்கட பக்டரியில் ஸ்ரோர் பார்த்தவர் ஒரு ஈராக்கியர். பக்தாத்தில் பிறந்த வயதானவர். ஆணி வாங்கப் போனாலும் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதித்தான் தருவார். எனக்கு உடைந்த அரபு, அவருக்குக் கொஞ்சம் ஹிந்தி. இரண்டையும் கலந்து கதைப்போம். தன்னுடைய சனத்தைப் 'ஃபைலி' குர்திஷ்காரர் எண்டு சொன்னார். அவர் சொன்னதையும், பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்லுகிறேன்.

ஈராக்கிலும் ஒரு காலத்தில் யாப்பு இருந்தது, மன்றம் இருந்தது. 1925இல் தொடக்கினார்கள். 1932இல் சுதந்திரம் கிடைத்தது. அடுத்த வருசமே, 1933 ஓகஸ்டில், அசிரியர் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவ மக்களைச் சிமெலே என்ற இடத்தில் பட்டாளம் கொன்றது. திரும்பி வந்த பட்டாளத்தைச் சனம் கைதட்டி வரவேற்றது. அந்தப் பட்டாளத்தின் தளபதி பக்ர் சித்கி. மூன்று வருசம் கழித்து, 1936இல், அதே தளபதி அரசாங்கத்தையே கவிழ்த்தார். அரபு உலகத்தில் நடந்த முதலாவது இராணுவப் புரட்சி அதுதான். சிறுபான்மையை அடிக்கப் பழகின கை, பிறகு தன்னை வளர்த்த வீட்டையே அடித்தது.

1941 யூன் மாதம் பக்தாத்தில் யூதர்களின் வீடு கடைகள் இரண்டு நாள் சூறையாடப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1950இல் ஒரு சட்டம் வந்தது: நாட்டை விட்டுப் போக விரும்புகிற யூதர் குடியுரிமையைக் கையளித்துவிட்டுப் போகலாம். ஆயிரக்கணக்கான வருசம் அந்த மண்ணில் இருந்த சனத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இரண்டு வருசத்தில் விமானம் ஏறினார்கள். அவர்களின் சொத்துகளை அரசாங்கம் முடக்கியது.

இந்த இடத்தில் அந்தக் கிழவர் எனக்கு ஒன்று சொன்னார். "யூதர் போனபிறகு சந்தையில் அவர்களின் இடத்துக்கு வந்தவர்களில் எங்கட ஆக்களும் இருந்தார்கள். என் தகப்பனும் அப்படித்தான் கடை எடுத்தவர். நாங்கள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு என்ன எண்டு இருந்தோம்."

பிறகு நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரியும். 1958இல் மன்னராட்சி கவிழ்ந்தது. 1963இலும் 1968இலும் பாத் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1979 யூலையில் சதாம் ஹுசெய்ன் ஜனாதிபதியானார். பதவிக்கு வந்து ஒரு கிழமைக்குள் தன்னுடைய சொந்தக் கட்சிக்காரரை ஒரு மண்டபத்தில் கூட்டி, பெயர் வாசித்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் எழும்பி வெளியே போக வேண்டும். போனவர்களில் பலர் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டனர். மிச்சப் பேர் உள்ளே இருந்து தலைவர் வாழ்க எண்டு கத்தினார்கள். தங்கட பெயர் வாசிக்கவில்லை என்ற சந்தோசம்.

1980 மே 7ஆம் திகதி 666ஆம் இலக்கத் தீர்மானம் வந்தது. ஃபைலி குர்திஷ்காரரின் பாட்டன்மார் ஓட்டோமான் பேரரசின் பிரஜைகளாகப் பதியப்படவில்லை, அவர்கள் ஈரான் வழி வந்தவர்கள், ஆகவே குடியுரிமை இல்லை. பதினைந்து வயதுப் பையனான அவரையும் தாயையும் லொறியில் ஏற்றி ஈரான் எல்லையில் இறக்கிவிட்டார்கள். இரண்டு தமையன்மாரையும் இளந்தாரிகள் எண்டு மறித்து வைத்தார்கள். பிறகு அவர்களைக் காணவே இல்லை. தகப்பன் எடுத்த கடை வேறு ஆளிடம் போய்விட்டது. "யூதரிடம் இருந்து எங்களிடம் வந்தது, எங்களிடம் இருந்து அவர்களிடம் போனது" எண்டு சொல்லி விட்டு அவர் தன் கொப்பியைத் திறந்து ஆணிக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார். 1988இல் ஹலப்ஜாவில் நச்சுவாயு அடித்து ஏறக்குறைய 5,000 குர்திஷ் மக்கள் ஒரு நாளில் கொல்லப்பட்டது இந்தப் பாதையின் மற்ற அந்தம். அந்தப் பாதை தொடங்கினது துவக்கால் இல்லை, பேனையால்.

ஜேர்மனியிலும் இதே ஒழுங்குதான். 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவிக்கு வந்தது சட்டப்படி. பெப்ரவரியில் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. அடுத்த நாளே அவசரகாலக் கட்டளை. மார்ச்சில் பாராளுமன்றமே தன்னுடைய அதிகாரத்தை வாக்களித்து அவரிடம் கொடுத்தது. 1935 செப்ரெம்பரில் நியூரம்பேர்க் சட்டம். ஒருவரின் பாட்டன் பாட்டிமார் நாலு பேரில் மூன்று பேர் யூதர் எண்டால் அவரும் யூதர், அவருக்குப் பிரஜை உரிமை இல்லை. அங்கேயும் பாட்டன்தான்.

இனி எங்கட கதைக்கு வருவோம். எங்கள் அறையில் எனக்கு மேல்தட்டில் படுத்தவர் தலவாக்கலைக்காரர். நான் அண்ணன் எண்டு கூப்பிடுவேன். பஸ் வரிசையில் கொமோரோஸ் பாஸ்போட்டைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. இரவு படுக்கிறபோது சொன்னார்: "தம்பி, எங்க தாத்தா 47ல ஓட்டுப் போட்டாரு. 52ல அவரு பேரே லிஸ்டுல இல்ல. சாகுற வரைக்கும் எந்த நாட்டுக்காரன்னு அவருக்குத் தெரியாது."

எனக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார் இதையெல்லாம் சொன்னவர்தான். பரீட்சைக்குப் பாடமாக்கினேன். ஆனால் ஒரு மனிசனின் பாட்டன் எண்டு அன்றைக்குத்தான் விளங்கியது. இலங்கைக்கு 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே முந்தி எண்டு பெருமையாகச் சொல்லுவோம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசில் இருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் சுதந்திரம். அதே வருசம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். உன் தகப்பன் இலங்கையில் பிறந்தான் எண்டு காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் எண்டு காட்டு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதினார்கள்? ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் ஒரு சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1949இல் வாக்காளர் இடாப்பில் இருந்தும் பெயரை எடுத்தார்கள். 1952 தேர்தலில் தோட்டத் தமிழருக்கு ஒரு ஆசனமும் இல்லை.

அந்த நேரம் வடக்குக் கிழக்குத் தமிழர் என்ன செய்தோம்? ஒரே குரலில் நின்றோமா? தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் அந்த அரசாங்கத்திலேயே அமைச்சரானார். தந்தை செல்வா பிரிந்து வந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார். அது அவருக்குப் பெருமை. ஆனால் எங்கட ஊர்களில் எத்தனை வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாமல் இருந்தது? பக்தாத்துக் கிழவர் சொன்ன மாதிரி, எங்களுக்கு என்ன எண்டுதான் பெரும்பாலானோர் இருந்தோம். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் அந்தச் சனத்தைச் சாமான் பிரிக்கிற மாதிரிப் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்ப்போம். தலவாக்கலை அண்ணனின் சித்தப்பா குடும்பம் கூடலூருக்குப் போனது அப்படித்தான். வெட்டின பெயர்களை முழுமையாகச் சேர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை சென்றது. ஐம்பத்தைந்து வருசம்!

பேனை அங்கே நிற்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களுக்கு அடி. 1958இல் கலவரம். 1972 யாப்பில் சிறுபான்மைக்கு இருந்த 29ஆம் பிரிவுக் காப்பீடும் போயிற்று. எல்லாம் பாராளுமன்றத்தில், வாக்கெடுத்து, சட்டப்படி. பெரும்பான்மை கையில் இருந்தால் எதையும் செய்யலாம் எண்டு ஒரு நாடு பழகிவிட்டது.

அப்படிப் பழகின நாட்டில்தான் 1977இல் ஒரு கட்சிக்கு 168 ஆசனத்தில் 140 கிடைத்தது. 1978இல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை அடைத்து வைக்க அது அப்போது இடம் கொடுத்தது. மூன்று வருசத்துக்கு மட்டும் எண்டு கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 1980 யூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 தொழிலாளரை வேலையால் நிற்பாட்டினார்கள், பெரும்பாலும் சிங்களவர். அதே வருசம் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமையை ஏழு வருசத்துக்குப் பறித்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 97,000 நூல்கள். 1982 டிசெம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு. விளக்குக்குப் போட்டால் ஆம், குடத்துக்குப் போட்டால் இல்லை. விளக்கு வென்று, தேர்தல் அணைந்தது. ஆளும் கட்சி உறுப்பினரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதம் முன்கூட்டியே வாங்கி ஜனாதிபதி கையில் இருந்தது. 1983 யூனில் உயர் நீதிமன்ற நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் காடையர் கூட்டம் போய்க் கூச்சல் போட்டது. ஏன் எண்டு கேட்க ஆள் இல்லை.

அடுத்த மாதம் கறுப்பு யூலை. அதை இந்த மண்டபத்தில் இருக்கிற பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கோ. கொழும்பில் தமிழர் வீடு எது, கடை எது எண்டு காடையர் தேடி வந்தபோது கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. 1949இல் இடாப்பில் இருந்து மலையகத் தமிழனின் பெயரை வெட்டினார்கள். 1983இல் இடாப்பில் இருந்த எங்கட பெயரைப் பார்த்து வீட்டைக் கொளுத்தினார்கள். முன்னதற்கு நாங்கள் பெரிதாக வாய் திறக்கவில்லை.

இதைச் சர்வாதிகாரம் எண்டு சொல்லலாமோ, ஹிட்லர் ஆட்சி எண்டு சொல்லலாமோ எண்டு படித்தவர்கள் விவாதிக்கட்டும். தேர்தல் பிறகும் நடந்தது, ஆட்சி மாறியது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எங்களுக்கு எண்டு எழுதின சட்டம் எங்களோடு நிற்கவில்லை. 1987 தொடக்கம் 89 வரைக்கும் தெற்கில் பல்லாயிரம் சிங்கள இளைஞர் ரயர் போட்டு எரிக்கப்பட்டார்கள். 2022இல் ஜனாதிபதியைத் துரத்தின போராட்டத்துக்குப் பிறகு, சிங்கள மாணவர் தலைவர்களை அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான் உள்ளே போட்டார்கள். அயல்வீட்டுக்காரனுக்கு எண்டு வெட்டின கிணற்றில் தன் பிள்ளையும் விழும்.

இவ்வளவும் நான் சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். இனிச் சொல்லப் போவதற்கு கைதட்ட மாட்டீர்கள் எண்டு தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இறங்கினால் இவ்வளவும் பொய்.

எனக்குப் பக்கத்துக் கட்டில் ஒரு நானா. என்னை விட எட்டு வயது மூப்பு. நான் காய்ச்சல் எண்டு கிடந்தால் கஞ்சி வைத்துத் தருவார். தமிழ் கதைக்கிற விதத்தில் எங்கட ஊர் மணம். "எந்த இடம் நானா?" எண்டு கேட்டால் "புத்தளம்" எண்டு மட்டும் சொல்லுவார். இரண்டு வருசம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார். யாழ்ப்பாணம், சோனகதெரு. நாங்கள் ஓட்டுமடம் பக்கம். நடந்து போகிற தூரம்!

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களில் இருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, நகை, எல்லாம் விட்டு. அங்கே பாட்டன் எங்கே பிறந்தான் எண்டுகூட ஒருவரும் கேட்கவில்லை. பாட்டனும் பூட்டனும் அங்கேதான் பிறந்தார்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். நானாவுக்கு அப்போது எட்டு வயது. அரசாங்கம் எங்களுக்குச் செய்ததும், எங்களுக்குள் ஆயுதம் வைத்திருந்தவர்கள் அவர்களுக்குச் செய்ததும் அளவில் ஒன்றல்ல எண்டு சிலர் சொல்லுவீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவு தெரியாது.

அன்றிரவு நான் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நான் 1990 தையில் பிறந்தவன், அந்த நேரம் கைக்குழந்தை. "அம்மா, சோனகதெரு ஆக்கள் போன நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?" எண்டு கேட்டேன். கன நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னா: "எனக்குச் சட்டை தைக்கிற மனிசி ஒண்டு வந்து கதவைத் தட்டினதடா. மிசினை வைச்சிருங்கோ எண்டு கேட்க வந்திருக்க வேணும். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அறைக்குள்ள இருந்திட்டன். திறக்கேல்லை. பயமடா."

நான் இதை நானாவுக்குச் சொன்னேன். சொல்லாமல் அவர் தருகிற கஞ்சியைக் குடிக்க முடியவில்லை. அவர் கோபிக்கவில்லை. "தம்பி, அண்டைக்குப் பயத்தில பூட்டின கதவுக்கு எனக்குக் கோவம் இல்லை. பிறகும் ஒருத்தரும் திறக்கேல்லையே, அதுதான் மனசுக்குக் கஷ்டம்" எண்டார். பிறகு எழும்பி வேலைக்குப் போனார். அவருக்கு நைட் சிவ்ற்.

என்னுடைய அம்மா கெட்டவ இல்லை. ஈராக்கியக் கிழவரின் தகப்பனும் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். ஒரு நாடு கெட்டுப்போக எல்லாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. கொஞ்சப் பேர் பேனை பிடித்தால் போதும், மிச்சப் பேர் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தால் போதும். நான் அரபு நாட்டில் படித்த படிப்பு இவ்வளவுதான்.

ஆகவே இன்றைக்குச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது, அங்கத்தவர் பட்டியல். போன கிழமை அழைப்பிதழ் மடித்துத் தபாலில் போட உதவி செய்தேன். அப்போது முழுப் பெயர்களையும் பார்த்தேன். இந்த ஊரில் தமிழ் கதைக்கிற மலையகக் குடும்பம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பூர்வீகமுள்ள முஸ்லிம் குடும்பங்கள் இரண்டு இருக்கின்றன. மூன்று பெயரும் அதில் இல்லை. ஒருவரும் வெட்டவில்லை. எழுதவே இல்லை. சித்திரைப் புத்தாண்டு அவர்களின் பண்டிகை இல்லை எண்டு நீங்கள் சொல்லலாம். மலையகத்தாருக்கு அது பண்டிகைதான். முஸ்லிம் சகோதரருக்கு இல்லாவிட்டாலும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அவர்களின் பிள்ளைகளுக்கும் உரியதுதானே? வாசிகசாலைப் புத்தகம் உரியதுதானே? வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். தட்டுவது எங்கள் கடமை. முந்தி அவர்கள் தட்டினபோது நாங்கள் திறக்கவில்லை.

அந்த மூன்று வீட்டுக்கும் போக நான் ஆயத்தம். வேலை முடிந்து ஆறு மணிக்குப் பிறகு எந்த நாளும் போகலாம். கூட வரக்கூடிய ஒரு ஆள் இருந்தால் கூட்டம் முடிய என்னிடம் சொல்லுங்கோ.

நானா இப்போது புத்தளத்தில். இன்று காலையில், நான் குளித்துக் கோயிலுக்கு வெளிக்கிட முன்னமே, போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டார். அம்மாவையும் சுகம் விசாரித்தார்.

எனக்குத் தந்த நேரத்துக்கு மேலே கதைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கோ.